பொலேரோவுக்கு ஏ.டி. டயர்: டிசம்பர் முதல் நவம்பர் வரை

போன டிசம்பரில் ஜமுனாமரத்தூரைத் தாண்டி ஒரு மண்பாதையில் நடுகல் பார்க்கப் போயிருந்தோம். திரும்பும்போது பின் இடது டயர் கிழிந்தது. ஆணி இல்லை, முள் இல்லை. பாதையோரத்தில் துருத்திக்கொண்டிருந்த கருங்கல் விளிம்பு ஒன்று டயரின் பக்கவாட்டில் நான்கு விரல் நீளத்துக்குக் கோடு போட்டுவிட்டது. ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு, அமிர்தி வழியாக இரவு எட்டரைக்கு வேலூர் வந்து சேர்ந்தோம்.

மறுநாள் சத்துவாச்சாரியில் வழக்கமாகப் போகும் பஞ்சர் கடையில் டயரை இறக்கினேன். பாய் விரலை விட்டுப் பார்த்துவிட்டு ஓரமாக உருட்டிவிட்டார். “பட்டன்ல கட் ஆனா எதாச்சும் பண்ணலாம் சார். சைடு போச்சுன்னா டயர் போச்சு” என்றார். காரணத்தையும் அவரே சொன்னார். பட்டன், அதாவது ரோட்டைத் தொடும் ரப்பர் கட்டிகள், இருக்கும் பாகத்துக்கு அடியில் கம்பி பெல்ட் ஓடுகிறது, பக்கவாட்டில் அது கிடையாது. ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடம் மடங்கி விரிவதால் ஒட்டுப் போட்டாலும் நிற்காது.

வண்டி 2018 பொலேரோ. டயர் 215/75 ஆர்15, கம்பெனியோடு வந்த ஹெச்.டி. வகை, அதாவது தார் ரோட்டுக்கானது. 52,000 கி.மீ. ஓடியாகிவிட்டது. எப்படியும் மாற்ற வேண்டிய நேரம்தான். வடஆர்க்காட்டில் நடுகல் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் செங்கம் பக்கமும் ஜவ்வாது மலைப் பக்கமும் தார் முடிகிற இடத்தில் நின்றுவிட முடியாது. எனவே இந்த முறை ஆல் டெரெய்ன், அதாவது தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான ஏ.டி. டயர் என்று முடிவு செய்தேன். எந்த ஏ.டி. என்பதுதான் கேள்வியாக இருந்தது.

ஜனவரி – மார்ச்: நோட்டுப் புத்தகம்

டயர் வாங்குவதற்கு முன்னால் மூன்று மாதம் கணக்கு எழுதினேன். தற்காலிகமாக ஒரு பழைய டயரை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு பயணத்திலும் எவ்வளவு தூரம் என்ன மாதிரி ரோட்டில் என்று குறித்தேன். மொத்தம் 4,120 கி.மீ. அதில் ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலும் 3,460. மலைத் தார் ரோடு, அதாவது அமிர்தி – நம்மியம்பட்டு வழி, ஆலங்காயம் – காவலூர் வழி, ஏலகிரி எல்லாம் சேர்ந்து 450. மண்ணும் கல்லும் வெறும் 210. நூற்றுக்கு ஐந்து.

இந்த எண்ணைப் பார்த்ததும் என் ஆசையில் பாதி மாறிவிட்டது. அதுவரை பெரிய பெரிய கட்டி வைத்த மட் டெரெய்ன், அதாவது சேற்றுக்கான டயர் மேல் எனக்கு ஒரு கண் இருந்தது. நூற்றில் தொண்ணூற்றைந்து கிலோமீட்டர் தாரில் ஓடுகிறவனுக்கு அது இரைச்சலும் டீசல் செலவும் மட்டுமே கொடுக்கும். மழை ஈரத் தாரில் பிரேக் பிடிக்கும் தூரமும் கூடும், ஏனென்றால் ரோட்டைத் தொடும் ரப்பரின் பரப்பு அதில் குறைவு.

இன்னொரு பக்கத்தில் பஞ்சர் கணக்கு. டிசம்பர் கிழிசலையும் சேர்த்து மூன்று. இரண்டு வேலிக்காத்தான் முள், ஸ்ட்ரிப் போட்டுச் சரியாகிவிட்டது. டயரையே தின்றது அந்த ஒரு கல்தான். அதாவது என் 210 கிலோமீட்டரில் எனக்கு எதிரி சேறு இல்லை, கல். நான் தேட வேண்டியது ஆழமான பட்டன் இல்லை, தடித்த பக்கவாட்டு. கடைகளில் எல்லாரும் பட்டனைத்தான் தடவிக் காட்டுவார்கள். நானும் அதுவரை அதைத்தான் தடவிப் பார்த்தேன்.

ஏப்ரல்: கடை கடையாக

எம்.ஆர்.எஃப்., அப்போலோ, சியட், ஜே.கே., யோகோஹாமா எல்லாருமே ஏ.டி. வகை விற்கிறார்கள். (டயர் நமக்கு அந்நியச் சரக்கே இல்லை. பிரிப்பதற்கு முன்பு நம் மாவட்டத்தில் இருந்த அரக்கோணத்துக்குப் பக்கத்தில், இச்சிபுத்தூரில்தான் எம்.ஆர்.எஃப். தொழிற்சாலை இருக்கிறது.) நான் கடைசியில் வாங்கியது எந்தக் கம்பெனி என்று எழுதப் போவதில்லை. உங்கள் வண்டியின் அளவில் கிடைப்பது வேறாக இருக்கலாம். எதைப் படித்து முடிவெடுத்தேன் என்பதைச் சொல்கிறேன்.

டயரின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் ‘சைடுவால்’ என்று போட்டு எத்தனை ப்ளை (நூல் அடுக்கு), என்ன நூல் என்று அச்சிட்டிருப்பார்கள். செல்போன் டார்ச் அடித்தால்தான் தெரியும். என் பழைய டயரில் 1 ப்ளை பாலியஸ்டர். பார்த்த ஏ.டி.களில் சிலவற்றிலும் அதே ஒன்றுதான், மேலே பட்டன் மட்டும் முரட்டுத்தனம். நான் எடுத்ததில் 2 ப்ளை. கூடவே பட்டன் தோளைத் தாண்டிப் பக்கவாட்டில் இரண்டு விரல் அளவுக்கு இறங்கியிருந்தது. கல் முதலில் அந்த ரப்பர் கட்டியில்தான் உரசும்.

எல்.டி. என்று தொடங்கும் லாரி ரகத்தையும் பார்த்தேன். இன்னும் தடிப்பு, ஆனால் எடையும் அதிகம். அதே பாரத்தைச் சுமக்க அதற்குக் கூடுதல் காற்று வேண்டும், சவாரி கட்டையாக இருக்கும். அம்மாவை வாரம் ஒருமுறை மருத்துவமனைக்கு அழைத்துப் போகும் வண்டி இது. அதனால் வேண்டாம் என்று விட்டேன்.

பாரம் தாங்கும் எண்ணை மறக்கக் கூடாது. 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ, 103 என்றால் 875. பழைய டயரில் இருந்ததற்குக் குறையாமல் எடுக்க வேண்டும். வேக எழுத்து ஏ.டி.யில் எஸ் இருந்தாலே மணிக்கு 180 கி.மீ., பொலேரோவுக்கு அது தாராளம். மலைச் சிகரமும் பனிச்செதிலும் போட்ட முத்திரை சில டயர்களில் இருக்கிறது. அது பனி கொட்டும் நாட்டுக்கு. வேலூரில் அதற்காக ஒரு ரூபாய் கூடக் கொடுக்க வேண்டியதில்லை.

ஒரு கடையில் 235/75 ஆர்15 போடச் சொன்னார்கள். “வண்டி கெத்தா இருக்கும் சார், கொஞ்சம் தூக்கிக் காட்டும்.” வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். இப்போதைய டயரின் விட்டம் 703.5 மி.மீ., அதன் விட்டம் 733.5. வித்தியாசம் 30 மி.மீ., வண்டி உயர்வது அதில் பாதி, 15 மி.மீ. அதற்கு விலையாக ஸ்பீடாமீட்டர் 100 காட்டும்போது உண்மை வேகம் 104. மலையேற்றத்தில் இன்ஜினுக்குக் கூடுதல் சுமை. ஸ்டெப்னி தொங்குவது பின்கதவில், கனமான டயரை அங்கே தொங்கவிட்டால் கீல் இறங்கும். பழைய அளவிலேயே நின்றேன்.

தயாரித்த தேதியைப் பார்த்தே வாங்கினேன். டாட் (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்கள்தான் அது. 1823 என்றால் 2023-இன் 18-ஆவது வாரம். முதல் கடையில் காட்டிய டயர் இரண்டரை வயதுக்காரன், அதை வேண்டாம் என்றதும் உள்ளேயிருந்து புதிது வந்தது. ஐந்து டயர் வாங்கினேன், நான்கு இல்லை. ஸ்டெப்னி பழையதாக இருந்தால், அவசரத்தில் பின் அச்சில் ஒரு பக்கம் புதிதும் ஒரு பக்கம் மொட்டையுமாக ஓட வேண்டிவரும். ஹெச்.டி.யை விட ஒரு டயருக்கு ஏறக்குறைய 1,500 ரூபாய் கூடியது.

மே: அக்னி நட்சத்திரம்

முதல் ஆயிரம் கிலோமீட்டரில் தெரிந்தவை: 60-க்கு மேல் ஒரு ரீங்காரம், 80-இல் அது நன்றாகக் கேட்கிறது. ஸ்டியரிங் கொஞ்சம் மந்தம். டீசல் லிட்டருக்கு 14.6-இலிருந்து 13.9-க்கு இறங்கியது. மூன்றையும் எதிர்பார்த்தே வாங்கினேன்.

காற்றைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும். கோடையில் டயர் வெடிக்கும், காற்றைக் குறைத்து ஓட்டுங்கள் என்று நம் ஊரில் பலரும் சொல்கிறார்கள். அக்கறையோடுதான் சொல்கிறார்கள், ஆனால் அது ஆபத்தான யோசனை. ஒரு நாள் காலை ஆறு மணிக்கு வீட்டு வாசலில் அளந்தேன், 32 பி.எஸ்.ஐ. அன்று பகல் நெடுஞ்சாலையில் ஆம்பூர் போய்த் திரும்பும் வழியில், பள்ளிகொண்டா சுங்கச்சாவடி தாண்டி நிழலில் நிறுத்தி அளந்தேன், 37. டயருக்குள் காற்று 30 டிகிரிக்கு மேல் சூடேறினால் இந்த ஏற்றம் இயல்பு. டயரை அதற்கும் சேர்த்துத்தான் செய்கிறார்கள். காற்றைக் குறைத்தால் பக்கவாட்டு அதிகம் மடங்கும், மடங்க மடங்க உள்ளே சூடேறும், வெடிப்பது அந்தச் சூட்டில்தான். கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அளவை, டயர் ஆறியிருக்கும்போது வைக்க வேண்டும். சூட்டில் ஏறியதை இறக்கிவிடக் கூடாது.

ஆகஸ்ட்: அதே கல்

டிசம்பரில் போன அதே பாதைக்குப் போனோம். தார் முடிந்த இடத்தில் நான்கு டயரிலும் 22-க்கு இறக்கினேன். கல்லின் மேல் டயர் ஏறும்போது முன்பு உதறும், இப்போது அமுங்கி வளைந்து போனது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சான், “ரோடு போட்டுட்டாங்களா?” என்று கேட்டார். காற்றை இறக்கினால் பக்கவாட்டு வெளியே பிதுங்கும், கல் படும் வாய்ப்பும் கூடும் என்பதால் நடக்கும் வேகத்தில்தான் ஓட்டினேன். அந்தக் கருங்கல் விளிம்பு இருந்த வளைவில் மச்சானை இறக்கிக் கை காட்டச் சொன்னேன்.

திரும்பி வந்து தார் தொட்டதும் சின்ன கம்ப்ரசரில் மறுபடி 32. நான்கு டயருக்கும் இருபது நிமிடம். இதற்குப் பொறுமை இல்லாதவர்கள் காற்றை இறக்காமலே இருப்பது நல்லது.

அக்டோபர்: டயரால் முடியாதது

வடகிழக்குப் பருவமழை தொடங்கிய வாரம். ஒரு சாமைக் கொல்லை ஓரமாகப் போன பாதையில் களிமண். இருபது அடிக்குள் பட்டன் இடைவெளி எல்லாம் அடைத்து டயர் நான்கும் வழவழப்பான உருளை ஆகிவிட்டன. மட் டெரெய்ன் என்றால் அகலமான இடைவெளியில் சேற்றை உதறிவிடும், ஏ.டி.க்கு அந்த வலு இல்லை. அதோடு என் வண்டி பின்சக்கரம் மட்டும் இழுப்பது. ஒரு சக்கரம் சுற்ற, இன்னொன்று சும்மா நின்றது. டயர் மாற்றியதால் வண்டி ஃபோர் வீல் டிரைவ் ஆகிவிடாது. கொல்லைக்காரப் பெரியவர் சுள்ளியும் கல்லும் கொண்டுவந்து போட்டார். “மழை பெஞ்சா இதுல டிராக்டரே நிக்கும் சார், கார்த்திகை கழிச்சு வாங்க” என்றார். பின்னோக்கியே எடுத்து வந்துவிட்டேன்.

நவம்பர்: 8,000 கி.மீ.

ஐந்து டயரையும் இடம் மாற்றினேன். அலைன்மெண்ட், பேலன்சிங் பார்த்தாயிற்று. பட்டன் ஆழம் புதிதில் 10.5 மி.மீ., இப்போது முன்னால் 9.3, பின்னால் 9.0. இதே வேகத்தில் தேய்ந்தால் 3 மி.மீ.க்கு வர 40,000 கி.மீ. ஆகும். சட்டப்படி எல்லை 1.6 என்றாலும் மழைக்கு அதுவரை காத்திருக்க மாட்டேன்.

டயரைக் கழற்றியபோது பின் இடதின் பக்கவாட்டில், தோள் கட்டிக்குக் கீழே, ஒரு விரல் நீளக் கீறல் இருந்தது. எந்தப் பயணத்தில் பட்டது என்று தெரியவில்லை. பாய் நகத்தால் விரித்துப் பார்த்தார். நூல் தெரியவில்லை, புடைப்பும் இல்லை. “ஓட்டுங்க சார், ஆனா பாத்துக்கினே இருங்க” என்றார். சாக்பீஸால் வட்டம் போட்டு, அதை ஸ்டெப்னியாகப் பின்கதவில் மாட்டியிருக்கிறேன். தினமும் காலையில் கண்ணில் படும் இடம் அது.