கொடியம்பாளையத்துக் களி நண்டு

கொள்ளிடத்தில் வெள்ளம் போகும்போதெல்லாம் எங்கள் ஊர் டீக்கடையில் ஒரே பேச்சுதான். "இத்தனை டி.எம்.சி. தண்ணியும் வீணா கடல்ல போய்க் கலக்குதே!" நானும் அதைச் சொல்லியிருக்கிறேன். ஜூன் 12-ல் மேட்டூர் திறக்குமா என்று தினமும் பேப்பரில் நீர்மட்டம் பார்க்கிற வீட்டில் வளர்ந்தவன் வேறென்ன சொல்வான்? ஆனால் அந்தத் தண்ணீர் கடலில் சேரும் இடத்தை இந்தத் தை மாதம் வரை நான் பார்த்ததே இல்லை. பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை போனேன். போனது நண்டு சாப்பிடத்தான்.

கொடியம்பாளையம் மயிலாடுதுறை மாவட்டத்தின் வடகோடி. கொள்ளிடம் முகத்துவாரத்தின் வடபக்கம், கிழக்கே வங்கக் கடலும் மற்ற பக்கங்களில் ஆறும் உப்பங்கழியுமாகச் சூழ்ந்த மீனவர் ஊர். மாவட்டம் எங்கள் மாவட்டம்தான்; தரைவழியாகப் போவதென்றால் மட்டும் கொள்ளிடம் பாலம் ஏறி, சிதம்பரம் போய்ச் சுற்றி வர வேண்டும். எதிர்க்கரையில் இருக்கும் பழையாறு துறைமுகத்திலிருந்து படகு ஏறினால் ஆற்றைத் தாண்டியதும் ஊர். என்னோடு படித்த நண்பன் பழையாறுக்காரன். அவன் அக்காவைக் கொடியம்பாளையத்தில்தான் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். "அக்காகிட்ட சொல்லி வெச்சிட்டேன், வெறும் வயித்தோட வா" என்றான்.

சீர்காழியில் விடிகாலைப் பேருந்து. வழியெங்கும் சம்பா அறுப்பு. சாலையில் பாதியை நெல் பிடித்துக்கொண்டிருந்தது. புத்தூர் வந்ததும் பக்கத்து இருக்கைக்காரர் அங்குள்ள இறால் வறுவல் பெருமையைச் சொல்லிக்கொண்டே இறங்கினார். எனக்கும் ஆசைதான், ஆனால் அன்றைக்கு வயிறு வேறு இடத்துக்கு நேர்ந்துவிடப்பட்டிருந்தது.

பழையாறில் ஏலம் பாதி முடிந்திருந்தது. சங்கரா, காரப்பொடி, கிழங்கான் எல்லாம் கூறு கூறாகக் கிடந்தன. இந்தப் பரபரப்பைப் பார்க்க நினைப்பவர்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை போக வேண்டாம். அந்த 61 நாளும் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது.

நண்பனின் மாமா பைபர் படகில் ஏற்றிக்கொண்டார். நடு ஆற்றில் இன்ஜினைக் குறைத்து, "இங்க பாருங்க" என்று கையை நீட்டினார். மேற்கிலிருந்து வந்த தண்ணீர் கலங்கி, வண்டல் நிறத்தில் இருந்தது. கிழக்கே பச்சை. இரண்டும் சேர்கிற இடத்தில் நுரையும் சருகுமாக ஒரு கோடு, நெளிந்து நெளிந்து போயிற்று. முக்கொம்பில் காவிரியை விட்டுப் பிரிந்து வந்த ஆறு இங்கேதான் முடிகிறது. கையை விட்டு நக்கிப் பார்த்தேன். உப்புத்தான், ஆனால் கடல் உப்பு இல்லை.

அக்கா வாசலில் நண்டுக் கூடையோடு உட்கார்ந்திருந்தார். முந்தைய இரவு கழியில் பிடித்த களி நண்டுகள். கொடுக்கையும் காலையும் சேர்த்துக் கயிற்றால் கட்டியிருந்தது. கரும்பச்சை ஓடு, உள்ளங்கையை விடப் பெரியது. ஒன்றை எடுத்துக் கவிழ்த்து, கால் முளைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் கட்டைவிரலால் அழுத்தினார். கல் மாதிரி இருந்தது. இன்னொன்றில் விரல் லேசாக உள்ளே போனது. "இது தண்ணி நண்டு தம்பி. தோடு கழட்டிட்டு இப்பதான் புதுத்தோடு போட்டிருக்கு. உள்ள சதை கட்டல, கொதிச்சா தண்ணியாப் போயிடும்." அதைத் தனியே வைத்துவிட்டார். அமாவாசையை ஒட்டிப் பிடித்தால் சதை நிறைந்திருக்கும், பௌர்ணமி நண்டு இளைத்திருக்கும் என்பது அவர்கள் கணக்கு. இனி நான் சந்தையில் நண்டை அழுத்திப் பார்க்காமல் வாங்க மாட்டேன்.

ஓட்டைப் பிரித்து, உள்ளே இரு பக்கமும் பஞ்சு போல இருக்கும் செவுளைப் பிய்த்தெறிந்து, கொடுக்கைக் குழவியால் ஒரே தட்டுத் தட்டி மண்சட்டியில் போட்டார். அம்மியில் மிளகு, சோம்பு, பூண்டு, சின்ன வெங்காயம் அரைபட்டது. ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. மூடி வைத்த சட்டியில் நண்டு தன் தண்ணீரிலேயே வெந்தது. அடுத்த அடுப்பில் மடவைக் குழம்பு. மடவையின் நெய் மேலே மினுங்கியது.

சாப்பிட உட்கார்ந்தபோதுதான், ஆற்றில் இன்னும் தண்ணீர் வருகிறதா என்று பேச்சு வந்தது. நான் வழக்கம்போல டீக்கடைப் பல்லவியைச் சொன்னேன்: இந்த வருசமும் நிறைய வீணாப் போச்சுக்கா. அவர் சோறு போட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"வீணாப் போவுதுன்னு சொல்லாதீங்க தம்பி. அந்தத் தண்ணி வரலன்னா எங்களுக்கு எறா ஏது, இந்த நண்டு ஏது?"

கோபம் இல்லை, ஆனால் விடவும் இல்லை. வெள்ளை இறால் முட்டை போடுவது கடலில். பொரித்த குஞ்சு, கண்ணுக்குத் தெரியாத பருவத்தில், ஓதத்தோடு, அதாவது கடல் ஏற்றத்தோடு, கழிக்குள் ஏறி வரும். சுரபுன்னை வேருக்கடியில், நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் கலந்த இடத்தில் வளர்ந்து, பிறகுதான் திரும்பக் கடலுக்குப் போகும். களி நண்டும் ஏறக்குறைய அப்படித்தான். வாழ்வது சேற்றில், சினை பிடித்த பெண் நண்டு கடலுக்குப் போய்த்தான் முட்டை பொரிக்கும். ஆறு வராத வருசம் கழியில் உப்பு ஏறிக்கொண்டே போகும். கடல் தண்ணீர் ஆற்றில் மேலே ஏறி, கரையோர ஊர்களில் கிணறும் கரிக்கும். அந்த ஊர்க்காரர்கள் எங்கள் வீட்டைப் போல விவசாயிகள். வடக்கே கூப்பிடு தூரத்தில் பிச்சாவரம். அந்த அலையாத்திக் காட்டுக்கு 2022-ல், உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற ராம்சார் அங்கீகாரம் கிடைத்தபோது செய்தி படித்து மகிழ்ந்தவன் நான். அந்தக் காடும் இதே தண்ணீரைத்தான் எதிர்பார்த்து நிற்கிறது என்பது இலைக்கு முன்னால் உட்கார்ந்துதான் உறைத்தது.

கொடுக்கின் சதை ஒரே துண்டாக வந்தது. நார் நாராக, லேசான தித்திப்போடு. மிளகு பின்னால்தான் எட்டிப் பார்த்தது. இதற்கு மேல் எழுதத் தெரியவில்லை. இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கினேன்.

சிறு வயதில், அறுப்புக் காலத்தில் எங்கள் வாசலுக்குக் கருவாட்டுக்கூடையோடு ஓர் ஆயா வருவார். அப்பாயி காசு கொடுத்துப் பார்த்ததில்லை. களத்து நெல்லை மரக்காலில் அளந்துதான் போடுவார். அதைச் சொன்னதும் அக்கா சிரித்தார். அவருடைய மாமியாரும் அப்படித்தான் கூடை சுமந்து நடந்து போய் நெல்லோடு திரும்புவாராம். ஆறு மேலே எங்களுக்கு நெல்லையும் கீழே அவர்களுக்கு மீனையும் கொடுத்தது. அதை மாற்றிக்கொள்ள இரண்டு கிழவிகள் போதுமாக இருந்தார்கள்.

சாயங்காலம் கடற்கரைப் பக்கம் நடந்தோம். மணல்மேடு, அடப்பங்கொடி, நல்ல வாடைக்காற்று. பங்குனி ஆமை கரையேறி முட்டையிடும் பருவம் தொடங்கியிருந்தது. மணலில் இரண்டு பக்கமும் துடுப்புப் போட்டது போல ஒரு தடம் அலை வரை போயிருந்ததை நண்பன் காட்டினான்.

கிளம்பும்போது அக்கா நெத்திலிக் கருவாடு ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். பணத்தை நீட்டினேன், வாங்கவில்லை. வீட்டில் அம்மா பிரித்து முகர்ந்து பார்த்து, "மண்ணு ஒட்டல, நல்லாக் காய வெச்சிருக்கா" என்றார். களத்தில் எங்கள் நெல் இன்னும் காய்ந்துகொண்டிருக்கிறது. அரைத்ததும் ஒரு மூட்டை அரிசி பழையாறுக்குப் போகிறது. மாசியில் நானே கொண்டு வருவதாக அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.