முல்லீனுக்கு மண் கலந்த அனுபவம்: உரத்தை விடப் பருமணலே முக்கியம்

தொடர்மழை ஓய்ந்ததும், பஞ்சு ரோம இலைகளும் நெட்டைப் பூந்தண்டும் கொண்ட முல்லீன் செடித் தொட்டிகளின் நடுக்குருத்தை விரலால் அழுத்திப் பார்த்தேன். மட்கு உரம் தாராளமாகப் போட்ட தொட்டியில் குருத்து கையோடு வந்துவிட்டது; அடியில் பழுப்புக் கூழ். பாதி மண், பாதி மணல் கலந்த தொட்டியில் கீழ் இலைகள் அழுகினாலும் குருத்து பிழைத்துக்கொண்டது. மணலும் பொடிக்கல்லும் தூக்கலாகப் போட்ட மூன்றாவது தொட்டியில் ஓர் இலைக்குக்கூடச் சேதமில்லை. அழுத்தினால் விரலை எதிர்த்து நிற்கிறது குருத்து. ஒரே விதைப் பொட்டலம், ஒரே இடம், ஒரே மழை. மண் மட்டும்தான் வேறு. இதை ஒப்பிட்டுப் பார்க்கத்தான் மூன்று தொட்டி வைத்தேன். இவ்வளவு தெளிவாக விடை கிடைத்ததில் அவ்வளவு சந்தோஷம்.

முல்லீன் (தாவரப் பெயர் வெர்பாஸ்கம் தாப்ஸஸ்) தானாக வளரும் இடங்களைப் பார்த்தாலே காரணம் புரியும். ரயில் பாதையோரச் சரளை, கைவிட்ட கல்குவாரி, யாரோ கிளறிப் போட்டுவிட்டுப் போன மேட்டு நிலம். ஆணிவேரை நேராக ஆழத்துக்கு இறக்கிவிட்டு, முதல் ஆண்டு முழுக்கத் தரையோடு ஒட்டி இலைகளை மட்டும் விரிக்கும். அந்த இலைகளின் பஞ்சு ரோமம் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். மேலே இலை நனைந்திருக்கும்போது கீழே மண்ணும் சொதசொதவென்று கிடந்தால் குருத்து அழுகாமல் என்ன செய்யும்? சத்து கூடினாலும் தொல்லைதான். இலை பெருத்துத் துவளும். மறு ஆண்டு இரண்டு மீட்டர் வரை எழ வேண்டிய தண்டு பலமில்லாமல் சாயும்.

சரி, மணலுக்கு வருகிறேன். எல்லோரும் ‘மணல் கலந்த மண்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். எந்த மணல் என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. பூச்சு வேலைக்கான நைஸ் மணல் இதற்கு உதவவே உதவாது. அதன் துகள்கள் மண்ணின் இடைவெளிகளில் புகுந்து அடைத்துக்கொள்ளும், தண்ணீர் மேலேயே நிற்கும். களிமண்ணில் ஒரு பிடி மணல் போட்டால் இளகிவிடும் என்பதும் சரியல்ல. மணல் துகள் ஒன்றையொன்று தொடும் அளவுக்கு இருந்தால்தான் நடுவே காற்றுக்கு வழி கிடைக்கும். குறைவாகப் போட்டால் இரண்டும் சேர்ந்து முன்னைவிடக் கெட்டியாக இறுகிவிடும்.

நான் செய்வது இதுதான். மணலை முதலில் 5 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, மேலே தங்கும் கற்களைத் தனியே எடுத்து வைக்கிறேன். கீழே விழுந்ததை 1 மில்லிமீட்டர் சல்லடையில் போட்டு, இந்த முறை மேலே தங்குவதை மட்டும் வைத்துக்கொள்கிறேன். பிறகு வாளியில் கொட்டி, தண்ணீர் விட்டு, கையால் அடிவரை கிளறி, கலங்கலைச் சாய்த்துக் கொட்ட வேண்டும். முதல் தண்ணீர் பால் மாதிரி வரும். அடுத்ததும் அப்படித்தான். கிளறிய உடனேயே வாளியின் அடி தெரிகிற வரை விடக்கூடாது. நொறுக்கிய கல் மணலாக இருந்தால் இந்த வேலை இரட்டிப்பு, அதில் தூசி அவ்வளவு. தோள் வலிக்கும்தான், ஆனால் இந்த ஒரு படியைத் தாண்டிக் குதிப்பவர்களின் கலவை ஒரு மழைக்காலத்திலேயே இறுகிப்போகிறது.

அளவு: தோட்ட மண் ஒரு பங்கு, கழுவிய பருமணல் இரண்டு பங்கு, பொடிக்கல் ஒரு பங்கு. மட்கு கிடையாது. ஈரமாக்கிக் கையில் பிடித்து இறுக்கி, விரலைத் திறந்ததும் உருண்டை உதிர வேண்டும். உருண்டையாகவே நின்றால் இன்னும் மணல் போடுங்கள். சூட்டில் பொரித்த வெள்ளை எரிமலைக் கல்லான பெர்லைட்டைப் பலர் சொல்கிறார்கள். வடிகாலுக்கு நல்லதுதான், ஆனால் எடையே இல்லை. உயரமான தண்டைத் தாங்கக் கலவைக்குக் கனம் வேண்டும், தண்ணீர் விட விட பெர்லைட் மேலே மிதந்து வேறு வரும். சூட்டில் உப்பவைத்த கனிமமான வெர்மிகுலைட் ஈரத்தைத் தேக்கி வைக்கும், இந்தச் செடிக்கு அது வேண்டவே வேண்டாம்.

தொட்டியின் அடியில் ஜல்லி பரப்பினால் தண்ணீர் நன்றாக வடியும் என்று இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள், படிக்கும்போதே எரிச்சல் வருகிறது. நுண்மண்ணிலிருந்து பெரிய கல்லுக்குத் தண்ணீர் சுலபமாக இறங்காது. மண் முழுதாக ஊறிய பிறகே இறங்கும். ஜல்லி போட்டால் அந்த ஊறிய பட்டை வேருக்கு இன்னும் பக்கத்தில் ஏறுகிறது, அவ்வளவுதான். ஒரு ஸ்பாஞ்சை நனைத்துப் படுக்கையாகப் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் செங்குத்தாகத் திருப்புங்கள், மறுபடி சொட்டும். தொட்டியும் அப்படித்தான்: ஆழம் கூடினால் மேல் பகுதி காய்ந்திருக்கும். ஆகவே ஜல்லிக்கு ஒதுக்கும் இடத்தையும் கலவைக்கே கொடுத்து, ஆழமான தொட்டியாக எடுங்கள்.

கள்ளிச்செடிக் கலவை என்று விற்கும் மூட்டைகளைப் பற்றி ஒரு வார்த்தை. நான் பிரித்துப் பார்த்த ஒன்றில் பெரும்பகுதி கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), மேலாக ஒரு கைப்பிடி மணல். வாங்கும் முன் மூட்டையைத் தூக்கிப் பாருங்கள். லேசாக இருந்தால் விட்டுவிடுங்கள். மீன் தொட்டிச் சரளை தூசியில்லாமல் வரும், சின்ன அளவுக்கு அது நல்ல வழி. கார அமிலச் சமநிலைக்காக அலைய வேண்டாம். லேசான அமிலம், லேசான சுண்ணாம்பு இரண்டிலும் முல்லீன் வளரும்.

இந்தக் கலவையின் மேற்பரப்பிலேயே அடுத்த விதையும் போடப்போகிறேன். தூவிவிட்டு லேசாக அழுத்தினால் போதும், மூடக்கூடாது. வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைக்கும். புதைந்த விதை சாகாது, காத்திருக்கும். அமெரிக்காவின் மிச்சிகனில் தாவரவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் பீல் 1879-இல் விதைகளை ஈர மணலோடு புட்டிகளில் அடைத்துப் புதைத்தார். 2000-இல் ஒன்றை எடுத்து விதைத்தபோது முளைத்தவற்றில் பெரும்பாலானவை முல்லீனின் உறவான வெர்பாஸ்கம் பிளாட்டாரியா. 120 ஆண்டு! 2021-இல் எடுத்த புட்டியிலும் வெர்பாஸ்கம் முளைத்தது. அதனால் முல்லீன் விதை உதிர்ந்த மண்ணை வேறு பாத்திகளில் கொட்டாதீர்கள். ஒரு செடியே லட்சத்துக்கு மேல் விதை போடும், பல நாடுகளில் இது களையாகப் பரவியிருக்கிறது.

பிழைத்த செடி ஒரு குளிர்காலத்தைக் கடந்தால்தான் பூந்தண்டு எழும். இலைக்கொத்து சிறிதாக இருந்தால் இன்னும் ஓர் ஆண்டுகூடத் தள்ளிப்போடும். அதற்குள் அகலமான பிவிசி குழாயை நீளமாக வெட்டி, ஆணிவேருக்காக ஒரு நெட்டைத் தொட்டி செய்ய ஆசை. அடிப்பக்கத்துக்கு வலை மட்டும் கட்டினால் போதுமா, மூடி போட்டுத் துளையிடுவதா என்று இன்னும் முடிவாகவில்லை. குழாயை நிரப்பவே ஏகப்பட்ட மணல் வேண்டும், அதைச் சலித்துக் கழுவும் வேலையை இன்று மாலையே தொடங்குகிறேன்.