அலர்ஜி குடலுக்குள்ளும் நடக்கிறது

அலர்ஜி என்றதும் தும்மலும் தடிப்பும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அதை நடத்தும் மாஸ்ட் செல்கள் என்ற நோயெதிர்ப்பு செல்கள் குடல் சுவரிலும் நிறையவே இருக்கின்றன. அவற்றின் மேலுள்ள ஏற்பிகள் ஐஜிஇ (IgE) என்ற அலர்ஜி ஆன்டிபாடிகளைப் பிடித்து வைத்திருக்கும். பொருந்துகிற புரதம் ஒன்று வந்து அவற்றை இணைத்துவிட்டால் போதும், நிமிடங்களில் ஹிஸ்டமின் என்ற அலர்ஜி ரசாயனம் கொட்டும், குடல் சுவரின் இறுக்கம் தளரும், அழற்சி தொடங்கும்.

என்னை அதிகம் வியக்க வைத்தது இன்டர்லூக்கின்-33 என்ற நோயெதிர்ப்புச் சமிக்ஞைப் புரதம். எஸ்டி2 என்ற ஏற்பி வழியாக வேலை செய்யும் இது, ஆஸ்துமாவைத் தூண்டுவதாகப் பேர் வாங்கியது. ஆனால் இதை நீக்கிய எலிகளின் குடலில் ஐஜிஏ (IgA) என்ற காவல் ஆன்டிபாடி குறைந்தது, பாக்டீரியாக் கூட்டமே மாறிப்போனது, பெருங்குடல் அழற்சியும் கடுமையானது. நுரையீரலில் தொல்லை தருவதே குடலில் காவலுக்கு நிற்கிறது!

எலியில் கண்டது அப்படியே மனிதருக்குப் பொருந்திவிடாது. அதற்குள் புரோபயாட்டிக்கை, அதாவது நல்ல பாக்டீரியா அடங்கிய தயாரிப்புகளை, அலர்ஜிக்கு மருந்தென்று விற்பது சரியில்லை என்பேன்.

அப்புறம், நோயெதிர்ப்பு பாக்டீரியாவை மாற்றுவதோடு இது நிற்பதில்லை, பாக்டீரியாவும் நோயெதிர்ப்பை மாற்றுகிறது. பாக்டீரியாவே இல்லாமல் வளர்க்கப்படும் எலிகளுக்கு ஐஜிஇ எகிறிவிடுகிறது. குட்டியாக இருக்கும்போதே பலவகை பாக்டீரியா குடியேறினால்தான் அது அடங்குகிறது. சில குடல் பாக்டீரியாக்கள் ஹிஸ்டமினைத் தாமே தயாரிக்கவும் செய்கின்றன.