வாய்க்கால் போன வழியே: டார்ட்மூரில் ஒரு நடை

டார்ட்மூருக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் குன்றுகளின் உச்சியில் அடுக்கடுக்காக நிற்கும், டோர் என்று அழைக்கப்படும் பாறைகளைப் பார்க்கத்தான் போகிறார்கள். நான் போனது ஒரு வாய்க்காலுக்காக. அதுவும் இன்று யாருக்கும் பயன்படாத, புல் மூடிய, ஒரே தாவில் தாண்டிவிடக்கூடிய ஒரு பழைய வாய்க்கால். இதற்காகவா இவ்வளவு தூரம் என்று அண்ணனே கேட்டார், ஆனாலும் மகளையும் கூட்டிக்கொண்டு என்னோடு வந்தார்.

இடம் தென்மேற்கு இங்கிலாந்தில் டெவன் மாவட்டம். எக்ஸிட்டரிலிருந்து மோர்டன்ஹாம்ப்ஸ்டெட் வழியாகப் போகும் பி3212 சாலை மெல்ல மெல்ல மேலேறி, வேலிகளும் மரங்களும் பின்னால் போய், ஒரு கட்டத்தில் புல்லும் ஹெதர் புதரும் வானமும் மட்டும் மிஞ்சும் மேட்டுநிலத்துக்குக் கொண்டுபோய் விடுகிறது. அதுதான் டார்ட்மூர். அடியில் கிரானைட், அதன்மேல் பல இடங்களில் ஈரம் ஊறிய பீட் மண், அதாவது செடிகொடிகள் மக்கிப் படிந்த கரிய மண். அந்த கிரானைட்டின் வெடிப்புகளில்தான் வெள்ளீயத் தாது இருந்தது. ரசம் வைக்கிற ஈயச்சொம்பு செய்யும் அதே உலோகம்தான், இனி ஈயம் என்று சொல்வதெல்லாம் இதைத்தான். செம்போடு இதைச் சேர்த்தால் வெண்கலம் என்பதால், ஒரு காலத்தில் இதன் மதிப்பு என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

முதலில் போஸ்ட்பிரிட்ஜில் இறங்கிக் கிழக்கு டார்ட் ஆற்றைப் பார்த்தோம். அங்கே இடைக்காலத்துக் கல்பாலம் ஒன்று இருக்கிறது. கல் தூண்களின்மேல் நாலு மீட்டருக்கும் நீளமான கிரானைட் பலகைகளை அப்படியே தூக்கி வைத்திருக்கிறார்கள். வெள்ளீயம் சுமந்த பொதிக்குதிரைகள் டாவிஸ்டாக் ஊருக்குப் போகக் கட்டிய பாலம் என்கிறார்கள். பாலத்தைவிட எனக்கு ஆறுதான் முக்கியம். ஏனென்றால் நான் தேடி வந்த வாய்க்காலின் தலைப்பு இந்த ஆற்றில்தான், இன்னும் மேலே, சாலையே இல்லாத சதுப்பு மேட்டில் இருக்கிறது. அங்கே தண்ணீரைப் பிரித்து, குன்றுகளின் இடுப்பைச் சுற்றிச் சுற்றி, ஏழு மைலுக்கு மேல் நடத்திக் கூட்டிவந்து பர்ச் டோர், விட்டிஃபர் சுரங்கங்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். இந்த மாதிரி வாய்க்காலை அங்கே லீட் என்பார்கள். டார்ட்மூர் முழுக்க லீட்டுகள் இருக்கின்றன, நான் பார்க்கப் போனது விட்டிஃபர் லீட்.

போஸ்ட்பிரிட்ஜிலிருந்து இரண்டு மைல் போனால் வாரன் ஹவுஸ் இன் என்ற தனிக்கட்டடம், ஒரு மதுக்கடை. சுற்றிலும் வேறு வீடே கிடையாது. கடல்மட்டத்துக்கு மேலே 434 மீட்டர், 1845இல் கட்டியது, அன்று மூட்டிய கணப்பு இன்றுவரை அணையவில்லை என்று பெருமையாகச் சொல்வார்கள். இப்படி ஒரு வனாந்தரத்தில் மதுக்கடை எதற்கு என்றால், சுரங்கத் தொழிலாளர்களுக்காகத்தான். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்தப் பள்ளத்தாக்கில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் வேலை பார்த்தார்கள். கடையின் பெயரில் இருக்கும் 'வாரன்' முயல் வளர்ப்புத் தோட்டத்தைக் குறிக்கிறது, அதாவது இவர்களுக்கான கறி பக்கத்திலேயே வளர்ந்தது.

கடைக்குப் பின்னால் சாலைக்கு வடக்கே ஏறினால் 'அரசரின் உலை' என்று பெயர் பெற்ற இடம். 1240இலேயே டார்ட்மூர் காட்டின் எல்லையை அளந்தபோது அடையாளமாகக் குறிக்கப்பட்ட இடம் அது. அப்போதே அது தாது உருக்கும் பழைய உலை. அப்படியானால் இங்கே ஈயத்தொழில் எவ்வளவு பழையது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, வாய்க்காலுக்கு வருவோம். பார்த்தவுடன் அசத்தும் சங்கதி எதுவும் அதில் இல்லை. சரிவில் ஒரு பள்ளம், வெட்டிய மண்ணைக் கீழ்ப்புறமாகப் போட்டு உயர்த்திய ஒரு கரை, அவ்வளவுதான். சில இடங்களில் மழைநீர் தேங்கிக் கோரை முளைத்திருந்தது, சில இடங்களில் ஆடுகள் இறங்கி ஏறிக் கரையே தேய்ந்திருந்தது. ஆனால் கொஞ்ச தூரம் அதன் கரையிலேயே நடந்தால்தான் அது என்ன என்று புரிகிறது. நிலம் கீழே இறங்குகிறது, வாய்க்கால் இறங்கவில்லை. குன்று உள்வாங்கினால் அதுவும் உள்வாங்குகிறது, குன்று புடைத்தால் அதுவும் வெளியே வளைந்து போகிறது. வரைபடத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமோச்சக் கோட்டை யாரோ மண்வெட்டியால் நிலத்தின்மேலேயே வரைந்து வைத்திருக்கிறார்கள். அண்ணன் மகள் ஓர் இடத்தில் நின்று, "அத்தை, இது மேட்டுக்கு ஏறுதே" என்றாள். உண்மையிலேயே அப்படித்தான் தெரிந்தது. சுற்றியுள்ள சரிவு நாம் பார்க்கும் திசையில் இறங்கிக்கொண்டே போகும்போது, கிட்டத்தட்ட மட்டமாகப் போகும் ஒரு கோடு கண்ணுக்கு ஏறுவது போலவே படும். அது ஏறவில்லை, மிக மிக மெதுவாக இறங்குகிறது. அந்த மெதுவில்தான் மொத்தத் திறமையும் இருக்கிறது. வாட்டம் கூடிவிட்டால் வெள்ளம் கரையை அரித்துவிடும், உயரமும் வீணாகிவிடும். குறைந்துவிட்டால் தண்ணீர் நின்று மண் படியும். சுரங்கத்தில் சக்கரத்தின் உச்சிக்கு மேலே தண்ணீர் வந்து சேர வேண்டும், அதற்கு ஒரு சாண் உயரம்கூடப் பணம்தான்.

ஏன் இந்தப் பாடு? கரி வாங்கி நீராவி இயந்திரம் ஓட்டியிருக்கலாமே என்று தோன்றும். இந்த மேட்டுக்குக் கரியை வண்டியில் ஏற்றிக் கொண்டுவரும் செலவு கட்டுப்படியாகாது. மழையோ இலவசம். டார்ட்மூரின் உயரமான பகுதிகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2000 மில்லிமீட்டர் பெய்கிறது, அதை பீட் மண் பஞ்சு போலக் குடித்து வைத்துக்கொண்டு ஆறுகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. அதனால் நீராவி வந்த பிறகும் இங்கே தண்ணீர்ச் சக்கரங்களே ஆட்சி செய்தன.

அந்தத் தண்ணீர் செய்த வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், அது தெரியாமல் இந்த இடத்தைப் பார்த்தால் வெறும் கற்குவியல்தான். வாய்க்கால் நீர் மரத்தொட்டி வழியாகச் சக்கரத்தின் தலையில் விழும், நீரின் எடையே சக்கரத்தைச் சுற்றும். சக்கரத்தின் அச்சில் பொருத்திய முளைகள், வரிசையாக நிற்கும் இரும்புப் பூண் போட்ட உலக்கைகளைத் தூக்கித் தூக்கி விடும். உலக்கைக்கு அடியில் தாதுக்கல். பழைய ஆலைகளில் அடியில் உரலாக இருந்தது கிரானைட் கல்தான். இடி வாங்கி வாங்கி இரட்டைக் குழி விழுந்த அந்தக் கற்கள் டார்ட்மூரின் ஆற்றங்கரைகளில் இன்றும் கிடக்கின்றன. இடித்துப் பொடியானதை மறுபடியும் தண்ணீரில்தான் கழுவுவார்கள். வெள்ளீயத் தாது சாதாரண வெள்ளைக்கல்லைவிட இரண்டரை மடங்கு கனம், அதனால் ஓடும் நீரில் கல்பொடி அடித்துக்கொண்டு போக, தாது அடியில் தங்கும். சுரங்கத்துக்குள் ஊறும் நீரை இறைத்து வெளியேற்றவும் சக்கரம்தான். சக்கரத்திலிருந்து நீளமான இரும்புக் கம்பிகளைக் குன்றின்மேல் இழுத்துக்கொண்டு போய், அவை முன்னும் பின்னும் அசைய, தூரத்தில் இருக்கும் குழியின் பம்பு வேலை செய்யும். தண்ணீரை வைத்தே தண்ணீரை வெளியேற்றியிருக்கிறார்கள்.

சாலைக்குத் தெற்கே பள்ளத்தாக்கில் இறங்கினால் இதெல்லாம் கண்முன்னே. முதலில் தெரிவது குன்றையே பிளந்ததுபோன்ற நீண்ட ஆழமான வெட்டுகள். தாது ஓடிய வரியை மேலிருந்தே தோண்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். அப்புறம் ரெட்வாட்டர் ஓடையின் ஓரமாகச் சக்கரம் நின்ற கற்குழிகள், சுவர்களின் எச்சம், இன்னும் கீழே கோல்டன் டேகர் சுரங்கத்தில் தாது கழுவிய வட்டத் தொட்டிகள். அந்த வட்டத் தொட்டிக்குள் அண்ணன் நெடுநேரம் நின்றுகொண்டிருந்தார். 1930 வரை அங்கே வேலை நடந்தது, டார்ட்மூரின் கடைசி ஈயச் சுரங்கம் அது.

பர்ச் டோர் சரிவில் கல்சுவர் போட்ட நான்கு சிறு வயல்கள் தெரியும். இவை நான்கு ஏஸ் சீட்டுகளாம். 1638 அக்டோபர் 21 அன்று வைட்கம் தேவாலயத்தில் இடி விழுந்து நால்வர் இறந்தது வரலாறு. அன்று அங்கே சீட்டுக்கட்டோடு தூங்கிய ஜேன் ரெனால்ட்ஸ் என்ற சூதாடியைச் சாத்தான் தூக்கிக்கொண்டு பறந்தபோது அவன் கையிலிருந்து நழுவிய சீட்டுகள்தான் இந்த வயல்கள் என்பது ஊர்க்கதை.

எனக்கு இந்த இடத்தில் மனதை விட்டு அகலாதது தண்ணீர் உரிமை. அடுத்தவன் நிலத்தின் வழியாக, யாருடைய ஆற்றிலிருந்தோ, இத்தனை மைல் வாய்க்கால் வெட்ட எப்படி விட்டார்கள்? 1201இல் ஜான் மன்னர் கொடுத்த சாசனம் ஈயத் தொழிலாளிகளின் பழைய வழக்கங்களை உறுதிசெய்தது. தாது தேடித் தோண்டலாம், உருக்குவதற்கு எரிபொருளாக பீட் வெட்டலாம், தங்கள் வேலைக்காக ஓடும் நீரைத் திருப்பிக்கொள்ளலாம். அவர்களுக்குத் தனி நீதிமன்றங்கள், க்ராக்கர்ன் டோர் பாறைகளுக்கு நடுவே வெட்டவெளியில் கூடிய தனி நாடாளுமன்றம், லிட்ஃபோர்டில் தனிச் சிறைகூட இருந்தன. ஏழைத் தொழிலாளிக்குக் கிடைத்த அபூர்வமான சுதந்திரம் என்று இதைக் கொண்டாடுகிறார்கள், நானும் பாதி வழி வரை ஒப்புக்கொள்கிறேன். மறுபாதி ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருக்கிறது.

மேலே கழுவிய கல்பொடியும் சேறும் எங்கே போகும்? கீழே துறைமுகங்களுக்குத்தான். கப்பல் வந்துபோன கழிமுகங்கள் மண்மூடத் தொடங்கின. 1512இல் பிளிம்ப்டன் நாடாளுமன்ற உறுப்பினர் ரிச்சர்ட் ஸ்ட்ரோட் இதைக் கட்டுப்படுத்த மசோதா கொண்டுவர முயன்றார். ஈயத்தொழில் நீதிமன்றங்கள் நான்கும் ஆளுக்கு 40 பவுண்டு அபராதம் போட்டன. அவர் கட்டவில்லை, பிடித்து லிட்ஃபோர்டு சிறையில் அடைத்துவிட்டார்கள், ஏறத்தாழ மூன்று வாரம். நாடாளுமன்றம் கொதித்து, அவர்மீதான தீர்ப்புகளை ரத்து செய்து சட்டம் போட்டது. உறுப்பினர் அவைக்குள் பேசியதற்காக வெளியே தண்டிக்கக் கூடாது என்ற கொள்கைக்குப் பின்னாளில் ஆதாரமாகக் காட்டப்பட்ட பழைய சட்டங்களில் இதுவும் ஒன்று. இப்படிப் பேச்சுரிமைக்கும் சேறு கலந்த ஓடைக்கும் முடிச்சு விழுந்திருக்கிறது. வாய்க்கால் வெட்டியவனின் திறமையை எவ்வளவு மெச்சினாலும், கீழ்மடையில் இருந்தவனின் குரலையும் சேர்த்துக் கேட்டால்தான் கதை முழுமையாகும் என்று நினைக்கிறேன். ஸ்ட்ரோடுக்கு லிட்ஃபோர்டில் ஒரு சிலை வைத்தால்கூடத் தகும்.

வரைபடத்தை விரித்துப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. கிழக்கு டார்ட்டிலிருந்து பிடுங்கிய தண்ணீர் விட்டிஃபரில் வேலை செய்து முடித்து ரெட்வாட்டர் ஓடையில் விழுகிறது, அது வெஸ்ட் வெப்பர்ன் ஆற்றோடு சேர்கிறது, வெப்பர்ன் கீழே போய் டார்ட் ஆற்றிலேயே கலக்கிறது. தண்ணீர் அளவில் பார்த்தால் ஆற்றுக்குக் கடைசியில் நட்டமில்லை, அதனோடு வந்த சேறுதான் கணக்கில் இடிக்கிறது.

போக நினைப்பவர்களுக்கு: பெனட்ஸ் கிராஸ் என்ற பழைய கல்சிலுவைக்கு அருகே வண்டி நிறுத்தலாம். கணுக்கால் மூடும் நீர்புகாத காலணி அவசியம். வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மூடுபனி இறங்கிவிடும், அதனால் அலைபேசியை மட்டும் நம்பாமல் தாள் வரைபடம் கொண்டுபோங்கள். சுரங்கப் பகுதியில் வேலி போட்ட குழிகளின் பக்கம் போகவே கூடாது, குழந்தைகள் இருந்தால் கையை விடாதீர்கள். வாய்க்கால் கரையில் நடக்கும்போது சரிந்த இடங்களை மிதிக்காமல் சுற்றிப் போனால் நல்லது, அதைக் காக்க அங்கே வேறு யாரும் இல்லை.

தண்ணீர் ஓடும் லீட்டைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் டெவன்போர்ட் லீட்டுக்குப் போங்கள். அது ஈயத்துக்கு வெட்டியதல்ல, 1790களில் பிளிமத் கப்பல்தளத்துக்குக் குடிநீர் கொண்டுபோக வெட்டியது. வெஸ்ட் டார்ட், கவ்சிக், பிளாக்கபுரூக் ஆறுகளிலிருந்து நீர் எடுத்து, நன்ஸ் கிராஸ் அருகே குன்றைக் குடைந்து, மீவி ஆற்றைத் தொட்டிப்பாலத்தில் தாண்டி, இப்போது பரட்டர் நீர்த்தேக்கத்தில் போய் விழுகிறது. ஆடுகள் தாண்டுவதற்காக இரு கரைகளிலிருந்தும் ஒன்றையொன்று பார்த்து நீட்டி வைத்த கற்களை அங்கே நிறையப் பார்க்கலாம்.