வடநெம்மேலி இருளர்களும் பாம்பு விஷமும்

பாம்புத் தோல் ஏற்றுமதிக்கு 1976-இல் தடை வந்ததும் செங்கல்பட்டுப் பக்கத்தில் பாம்பு பிடித்து வாழ்ந்த இருளர் பழங்குடியினரின் பிழைப்பு போனது. அதே ஆட்களை வைத்து 1978-இல், மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். தோலுக்குப் பதில் விஷம், கொல்லாமல்.

பிடிப்பது நான்கு வகைதான்: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். கையில் கடப்பாரை, துணிப்பை, அவ்வளவே. வளை வாயில் சிலந்தி வலை அறுபடாமல் இருந்தால் அடுத்த வளைக்குப் போய்விடுவார்கள். மண் தேய்ந்து வழவழப்பாக இருந்தாலோ, உரித்த சட்டை கிடந்தாலோ ஓரமாக இருந்து மெல்லத் தோண்டுவார்கள். அவசரப்பட்டுக் குத்தினால் கடப்பாரை பாம்பின் மேலேயே இறங்கும். அடிபட்ட பாம்பு எதற்கும் உதவாது.

சங்கத்தில் மண்பானைக்குள் விட்டு, வாயைத் துணியால் கட்டுவார்கள். பானை மூச்சு விடும், சூடும் ஏறாது (கண்ணாடித் தொட்டியைவிட இதுதான் சரி என்பேன்). சுமார் மூன்று, நான்கு வாரம் வைத்திருந்து, வாரம் ஒருமுறை விஷம் எடுப்பார்கள். ரப்பர் இழுத்துக் கட்டிய கண்ணாடிக் குவளையைக் கடிக்க வைத்தால் விஷம் சொட்டும். கட்டுவிரியனும் சுருட்டையும் தருவது ரொம்பக் கொஞ்சம். அதனால் நிறைய பாம்பு வேண்டும். எடுத்து முடிந்ததும் அடிவயிற்றுச் செதிலை லேசாக வெட்டி அடையாளமிட்டுக் காட்டில் விடுவார்கள். அந்த வெட்டு ஆறுவதற்குள் அதே பாம்பு மறுபடி சிக்கினால் எடுக்க மாட்டார்கள்.

விஷத்தை உறையவைத்து உலர்த்திப் பொடியாக்கி, பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்து செய்யும் நிறுவனங்களுக்கு விற்கிறார்கள். எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதற்கு அரசு உத்தரவு வேண்டும். அது தாமதமானால் வேலையும் இல்லை, கூலியும் இல்லை. 2023-இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இருளர் பாம்புபிடிப்பவர்கள் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.