வண்டியின் வால்

சிங்கப்பூரின் ஜூரோங்கில் ஒரு தானியங்கிக் கிடங்கு. அலமாரிகளுக்கு நடுவே தண்டவாளத்தில் சின்ன வண்டிகள் ஓடிப்போய்ப் பெட்டிகளை எடுத்து வரும். தடத்தைத் துண்டுகளாகப் பிரித்து, ஒரு துண்டில் ஒரு நேரத்தில் ஒரே வண்டி என்று விதி வைத்திருந்தோம். ரயில் சிக்னல் மாதிரிதான். எந்தச் சூழ்நிலையிலும் அந்த விதி உடையாது என்று நிரூபிப்பது என் வேலை.

கருவி இசபெல், கணித நிரூபணங்களைச் சரிபார்க்கும் மென்பொருள். கேம்பிரிட்ஜில் லாரன்ஸ் பால்சன் 1986-இல் தொடங்கியது. எத்தனை முறை வண்டியை ஓட்டிச் சோதித்தாலும், ஓட்டிப் பார்த்தது வரைக்கும்தான் தெரியும். இதிலோ தேற்றத்தை எழுதி, நிரூபணத்தைப் படிப்படியாக நாமே சொல்ல வேண்டும். ஒவ்வொரு படியையும் அது சரிபார்க்கும். தொடக்கத்தில் விதி உண்மை, அப்புறம் ஒவ்வொரு நிகழ்வுக்குப் பிறகும் உண்மை என்று காட்டிவிட்டால் போதும். பாதி நிரூபணத்தில் வீட்டுக்குக் கிளம்ப வேண்டுமென்றால் அந்த இடத்தில் 'சாரி' (sorry) என்று எழுதலாம், தற்காலிகமாக ஏற்றுக்கொள்ளும். நிஜமாகவே அதுதான் கட்டளைச் சொல்.

கிடங்கின் இயக்கத்தை இசபெல்லில் விவரித்து நான் எழுதிய மாதிரியில் பதினொரு நிகழ்வுகள். பத்து முடிந்தது. ஒரு வண்டி ஒரு துண்டிலிருந்து அடுத்ததற்குக் கடக்கும் நிகழ்வு மட்டும் மசியவில்லை. மூன்று நாள் கருவியைத் திட்டினேன். நான்காம் நாள் பொறுமையிழந்து, 'ஒரு வண்டி எப்போதும் ஒரே துண்டில்தான் இருக்கும்' என்று ஒரு எடுகோளை, அதாவது நிரூபிக்காமலே உண்மை என்று ஏற்கும் வரியை, சேர்த்தேன். ஒரே வரியில் எல்லாம் முடிந்தது. போய் ஒரு தே தாரிக் வாங்கி வந்தேன்.

எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர், நான் அக்கா என்று கூப்பிடுபவர், திரையை எட்டிப் பார்த்தார். "மூணு நாள் படாத பாடு பட்டே, இப்ப ஒரே வரியா? தம்பி, 'பொய்'னு ஒரு தேற்றம் எழுதி நிரூபிக்கச் சொல்லிப் பாரு."

எழுதினேன். நிரூபணத்தைத் தானே தேடித் தரும் ஸ்லெட்ஜ்ஹேமர் என்ற இசபெல் வசதியை அழுத்தினேன். சில நொடிகளில் 'பொய்' நிரூபணமாகி வந்தது. பயன்படுத்தியவை என்று அது காட்டிய வரிகளில் முதலாவது என் எடுகோள். கடக்கும்போது வண்டி இரண்டு துண்டிலும் இருக்கும் என்று மாதிரியிலேயே நான் எழுதியிருந்தேன். இரண்டும் முரண். முரண் கையில் இருந்தால் எதையும் நிரூபிக்கலாம், ஒரே துண்டில் நூறு வண்டி நிற்கலாம் என்பதைக்கூட.

எடுகோளை அழித்துவிட்டு, நிரூபிக்கச் சொல்லிக் கருவி காட்டிய, மசியாத அந்த இலக்கை நிதானமாக வாசித்தேன். வண்டியின் முன்பக்க சென்சார் எல்லையைத் தாண்டியதுமே 'பழைய துண்டு காலி' என்ற செய்தி போய்விடுகிறது. வாலோ இன்னும் அங்கேதான் இருக்கிறது. பின்னால் வரும் வண்டிக்கு வழி திறந்துவிடும். மூன்று நாளாகக் கருவி சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான்.

பின்பக்கத்திலும் ஒரு சென்சார் வைத்தோம், அது தாண்டிய பிறகே செய்தி. மேலாளர், "மூன்று வாரத்துக்கு ஒரு சென்சார்தானா?" என்றார். 1994-இல் பெண்டியம் சில்லு வகுத்தலில் தவறி, இன்டெல் 475 மில்லியன் டாலரை ஒதுக்க நேர்ந்த கதையைச் சொன்னேன். 2009-இல் செல்4 என்ற இயங்குதளக் கருவுக்கு, ஏறத்தாழ 8,700 வரி சி நிரலைச் சரிபார்க்க 200,000 வரி நிரூபணம் ஆன கதையைச் சொல்லவில்லை. அதைக் கேட்டால் மனிதர் மயங்கியிருப்பார்.

நிரூபணம் முடிந்த மறுவாரம் கிடங்குக்குப் போனேன். பேட்டரி தீர்ந்து நின்ற ஒரு வண்டியைப் பராமரிப்பு அண்ணன் இரண்டு கையாலும் அடுத்த துண்டுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். சென்சார் விளக்கு எரியவில்லை, செய்தியும் போகவில்லை. "தினமும் இப்படித்தானா அண்ணே?" என்றேன். "ரெண்டு மூணு தடவை," என்றார்.

என் மாதிரியில் கையே கிடையாது. அலுவலகம் திரும்பி, 'தள்ளு' என்று பன்னிரண்டாவது நிகழ்வைச் சேர்த்தேன். அதன் கீழே இப்போதைக்கு ஒரு சாரி.