ஐப்பசி மழையும் ஹார்ப்பும்

ஐப்பசி 3
ராத்திரி என் ஹார்ப்பில், நிமிர்த்தி வைத்து விரலால் மீட்டும் அந்தப் பெரிய வாத்தியத்தில், ஒரு தந்தி அறுந்தது. சிவப்புத் தந்தி. சத்தத்தில் அப்பத்தா எழுந்து பட்டாலை விளக்கைப் போட்டுவிட்டார்கள். மிருகக் குடலில் திரித்த தந்திக்கு இந்த ஈரம் ஆகவே ஆகாது. மீதி 46ம் எத்தனை நாள் தாங்குமோ.

ஐப்பசி 4
சுடுதண்ணீர், ஐஸ் தண்ணீர், மறுபடி சுடுதண்ணீர். கட்டைவிரல் வலி அப்படியேதான் இருக்கிறது.

ஐப்பசி 6
"ஜினாஸ்தெரா உறுதிதானே?" என்று கச்சேரிக்காரர்களிடமிருந்து மெயில். ஜினாஸ்தெரா எழுதிய ஹார்ப் கான்செர்டோவை, ஆர்க்கெஸ்ட்ராவோடு ஹார்ப் முன்னின்று வாசிக்கும் உருப்படியை, நான் வாசிப்பேனா என்று கேட்கிறார்கள். பதில் போடவில்லை.

எட்னா பிலிப்ஸ் ஞாபகமாகவே இருக்கிறது. 1930இல் பிலடெல்பியா ஆர்க்கெஸ்ட்ராவில் ஹார்ப் வாசிக்கச் சேர்ந்தவர். 1956இல் இந்தக் கான்செர்டோவை எழுதித் தரச் சொன்னதே அவர்தான். ஜினாஸ்தெரா இழுத்தடித்து முடிப்பதற்குள் அந்த அம்மாள் மேடையை விட்டே விலகிவிட்டார். 1965இல் முதன்முதலாக வாசித்தது சபலெட்டா என்ற இன்னொரு ஹார்ப் கலைஞர். அதே பிலடெல்பியா ஆர்க்கெஸ்ட்ராவோடு! மூன்றாம் பகுதி தொடங்கும்போது மற்ற வாத்தியமெல்லாம் அடங்கி ஹார்ப் மட்டும் தனியே பேசும். அந்த இடத்தை எட்னா அம்மாள் எப்படிக் கேட்டிருப்பார்? தொடையில் விரலை ஓட்டிக்கொண்டா?

போதும். தூங்கவேண்டும்.

ஐப்பசி 7
கைக்குத்தானே ஓய்வு, காலுக்கு இல்லையே. ஸ்வரத்தை ஏற்றி இறக்கும் பெடல் மட்டும் பழகினேன். இடது காலுக்கு மூன்று, வலது காலுக்கு நான்கு. அப்பத்தா தூணில் சாய்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். "ஏத்தா, கண்டாங்கி நெய்யிறவுக மாதிரியில்ல இருக்கு. சேலை எங்கே?"

அப்புறம், சுண்டுவிரலுக்கு ஏன் வேலையே இல்லை, அதை வைத்துச் சமாளிக்கக் கூடாதா என்றார்கள். குட்டை விரல், எட்டாது அப்பத்தா.

ஐப்பசி 8
அப்பச்சி கணக்கு எழுதுகிறார். வேன் வாடகை, தந்தி, வைத்தியம். வரவுப் பக்கம் காலி. ஆர்க்கெஸ்ட்ராவில் சேர்ந்தால் மாதச் சம்பளம் உண்டே என்கிறார். உண்டுதான். ஒரு ஹார்ப், மிஞ்சினால் இரண்டு. அந்த நாற்காலிக்கு எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று அவரிடம் சொல்லவில்லை. தனியாக வாசிப்பவளுக்கு ஒரு கச்சேரி போனால் அடுத்ததும் சேர்ந்தே போகும் என்பதையும் சொல்லவில்லை.

ஐப்பசி 9
தந்தி மீட்டி மீட்டி வந்த விரல் நுனித் தடிப்பு உரிகிறது. ஆள்காட்டி விரலில் தோல் மெத்தென்று ஆகிவிட்டது. எரிச்சலாக வருகிறது. யாரும் இன்று என்னோடு பேசவேண்டாம்.

ஐப்பசி 10
மழை. இன்னொரு தந்தி போயிற்று, இந்தத் தடவை கறுப்பு.

காரைக்குடி வீணைச் சகோதரர்களில் மூத்தவர் சுப்பராமய்யர் வீணையை நிமிர்த்திப் பிடித்து வாசிப்பவர். தம்பி சாம்பசிவய்யர் எல்லாரையும் போலப் படுக்கையாக. அண்ணனுக்குக் கை வலித்ததா, வலித்தால் என்ன பூசினார்கள்? அதை யாரும் எழுதி வைக்கவில்லை போல.

எட்னா அம்மாள் அன்றைக்கு அரங்கத்தில் எந்த வரிசையில் உட்கார்ந்திருப்பார்?

ஐப்பசி 12
வெள்ளிக்குள் பதில் வேண்டுமாம். வேறொருத்தி தயாராக இருக்கிறாளாம், பெயரையும் சொல்லிவிட்டார்கள். நன்றாகவே வாசிப்பாள்.

ஜினாஸ்தெராவுக்குப் பதில் ஹாண்டெலின் ஹார்ப் கான்செர்டோவுக்கு மாற்றச் சொல்லலாமா? 1736ஆம் வருஷத்துச் சரக்கு, பெடல் வேலை கம்மி. ஆனால் கட்டைவிரலுக்கு அங்கேயும் வேலை இருக்கிறதே.

நாளைக் காலை காரைக்குடிக்குப் போய்க் கையைக் காட்டிவிட்டு வந்து எழுதுகிறேன்.